காப்ரா, சுசீல் குமார்

குழந்தை மருத்துவர், ஆய்வாளர். புது தில்லி எய்ம்ஸ் குழந்தை மருத்துவத் துறையில் பேராசிரியராக இருந்தவர். குழந்தைகளின் நுரையீரல் நோய்கள், காசநோய், தீவிர சிகிச்சை ஆகியவை இவர் துறைகள். ஆய்வுக் கட்டுரைகளில் எஸ். கே. காப்ரா என்று குறிக்கப்படுகிறார்.

பின்னணி

எய்ம்ஸ் 1956இல் தொடங்கப்பட்டது. அங்கே குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஓ. பி. காய் முதன்மையானவர், நாடெங்கும் மாணவர்கள் படிக்கும் குழந்தை மருத்துவப் பாடநூல் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

1996 டெங்கு

அவ்வாண்டு தில்லியில் பரவிய டெங்குவில் 10,252 பேர் பாதிக்கப்பட்டு 423 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. எய்ம்ஸுக்கு வந்த குழந்தைகளின் நிலையைக் காப்ராவும் உடன் பணியாற்றியோரும் பதிவு செய்து 1999இல் வெளியிட்டனர்.

வியர்வைச் சோதனை

காப்ராவின் பெயர் பெரிதும் இணைத்துப் பேசப்படுவது சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை நோயோடுதான். உடலின் சுரப்புகள் பசைபோல் கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கும் நோய் இது. இது வெள்ளையரின் நோய், இந்தியாவில் இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இந்தியக் குழந்தையிடம் நோய் கண்டதாக 1968இல் சண்டிகரிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அதையே முதற்பதிவு என்று பலர் கொள்கின்றனர். அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த அறிக்கைகள் சொற்பமே.

நோயை உறுதி செய்யும் வழி வியர்வையில் குளோரைடை அளப்பது. பிலோகார்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்க்க வைக்கும் முறையை 1959இல் கிப்சனும் குக்கும் வகுத்தனர். லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல் குளோரைடு இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கான கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். சோதிக்க வழியில்லாத இடத்தில் நோயும் கண்ணில் படாது. காப்ரா குழுவினர் உள்நாட்டிலேயே உருவாக்கிய வியர்வை சேகரிப்பு முறையையும் குளோரைடு கணக்கிடும் முறையையும் 2002இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் விவரித்தனர். எடை பார்த்த வடிதாளை மின்னோட்டம் பாய்ந்த இடத்தில் ஒட்டிவைத்து, பின்னர் எடுத்து மறுபடி எடை போட்டு, ஊறிய வியர்வையின் அளவை அறிவது இத்தகைய சோதனையின் அடிப்படை. முத்தமிடும்போது குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறது என்று தாய் சொல்வதும் நோய்க்குறிகளில் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் இக்குழந்தைகள் வியர்வையிலேயே உப்பை இழந்து சோர்ந்து விழுவதுண்டு.

2003இல் நோயுற்ற 120 குழந்தைகளின் விவரம் வெளியானது. மரபணு ஆய்வில் மதுலிகா காப்ராவும், மருத்துவப் பக்கத்தில் ராகேஷ் லோதாவும் இப்பணியில் உடனிருந்தனர். ஐரோப்பியரிடம் ஏறத்தாழ 70 சதவீதம் காணப்படும் எஃப்508 மரபணு மாற்றம் இக்குழந்தைகளிடம் 19 சதவீதமே இருந்தது. பிற இந்திய ஆய்வுகள் 44 சதவீதம் வரை காட்டுகின்றன. எனவே ஐரோப்பாவுக்கென அமைந்த மரபணுச் சோதனையை மட்டும் நம்பினால் இங்கே பல குழந்தைகள் விடுபடுவர்.

நோய் எவ்வளவு பரவலானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புலம்பெயர்ந்த இந்தியரிடையே பிரிட்டனில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் என்றும், அமெரிக்காவில் சுமார் 40,000 பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் உள்ளன. தொப்புள்கொடி இரத்த மாதிரிகள் 955ஐச் சோதித்த 2006ஆம் ஆண்டு எய்ம்ஸ் ஆய்வு, 43,321 பேருக்கு ஒருவர் முதல் 1,00,323 பேருக்கு ஒருவர் வரை இருக்கலாம் என்றது. இரு எல்லைகளுக்கும் இடையே இரு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால் இம்மதிப்பீட்டை முடிவானதாகக் கொள்ள இயலாது.

நிமோனியா

நிமோனியாவைக் கிராமத்திலும் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தந்த வழி, மூச்சை எண்ணுவது. 2 முதல் 12 மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இவற்றை எட்டினால் வேகமூச்சு. கடுமையில்லாத நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் எத்தனை நாள் தருவது என்பதை லக்னோவின் ஷாலி அவஸ்தி, சண்டிகரின் சுனித் சிங்கி முதலியோருடன் காப்ரா ஆராய்ந்தார். ஏழு மருத்துவமனைகளில் 2,188 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். மூன்று நாள் மருந்தில் 89.5 சதவீதமும் ஐந்து நாளில் 89.9 சதவீதமும் குணமாயினர். முடிவு 2004இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வந்தது. இவர்களுள் பலருக்கு வைரஸ் தொற்று மட்டுமே இருந்திருக்கலாம் என்பது ஒரு வாதம். ஆனால் மருந்தே தராமல் விடுவது மருந்து தருவதற்கு ஈடாகாது என்று 2020இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வு காட்டியது.

சமூகத் தொற்று நிமோனியாவுக்கான மருந்துகள் பற்றி லோதாவுடன் சேர்ந்து எழுதிய காக்ரேன் திறனாய்வு 2010, 2013 ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது.

தீவிர சிகிச்சை

நோயுற்ற குழந்தைக்கு டிரிப்பில் எந்த உப்புநீர் ஏற்றுவது என்ற கேள்வியை எய்ம்ஸ் குழு எடுத்துக்கொண்டது. குறைந்த உப்புள்ள திரவத்தை முழு அளவில் பெற்றவர்களிடம் இரத்த சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைவது அதிகம் என்று 2010இல் அறிவித்தது.

அண்மை நிலை

சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸுக்கான மூன்று மருந்துக் கூட்டு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை மிக அதிகம். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் இந்தியாவின் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸை உறுதி செய்ய இன்றும் முதன்மையாக நாடப்படுவது வியர்வைச் சோதனையே.