ரீகோ ஹாரிஸ்: பாதி வழியில் நின்ற பயணம்

ஆறடி ஒன்பது அங்குல உயரம். ஹார்லெம் குளோப்ட்ரொட்டர்ஸ் அணியில் கூடைப்பந்து ஆடியவர். அப்படியொரு மனுசன் எப்படிக் காணாமல் போவார்?

2014 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் அல்ஹம்ப்ராவிலிருந்து சியாட்டிலுக்குக் காரில் வெளிக்கிட்டார் ரீகோ ஹாரிஸ். வயது 37. ஆட்டக்காலம் முடிந்து, குடியோடு நெடுநாள் போராடி, அங்கே புதுசாய்த் தொடங்க நினைத்தவர். 10ஆம் திகதிக்குப் பிறகு தொடர்பில்லை. யோலோ கவுண்டியில், காஷ் கிரீக் ஆற்றோரப் பூங்காவில் கார் மட்டும் நின்றது, பெற்றோல் தீர்ந்திருந்தது. பெரிய சப்பாத்துத் தடங்கள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை.

விபத்தா, தானாகவே போனாரா எண்டு ஆளுக்கொரு கதை சொல்லலாம். எந்தக் கதைக்கும் சான்றில்லை. அரங்கில் கைதட்டுகிற நாங்கள், ஆட்டம் முடிந்த வீரர் பிறகு எங்கே போகிறார் எண்டு கேட்பதில்லை. ஹாரிஸை ஊர் தேடத் தொடங்கியபோது மிஞ்சியது ஒரு வெறுங்கார்தான்.