பள்ளி உணவுத் திட்டம், தமிழ்நாடு

தமிழ்நாட்டில் மாணவர் உடல்நலம் பள்ளியின் பொறுப்பாக மாறிய கதை அடுப்பிலிருந்து தொடங்குகிறது. கண் பரிசோதனை, பூச்சி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் வந்தது சோறு. அந்தச் சோற்றுக்கு யார் அரிசி போட்டார்கள் என்று பார்த்தால், அரசைப் போலவே ஊர் மக்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது தெரியவரும்.

முதல் முயற்சி சென்னை மாநகராட்சியுடையது. பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதற்குப் பசியே காரணம் என்று மன்றம் உணர்ந்திருந்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் பரவியது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925 ஏப்ரலில் அது நின்றது. இரண்டு ஆண்டுகளில் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது.

மாநிலம் தழுவிய திட்டம் காமராசர் காலத்தது. மாடு மேய்க்கப் போகும் பையனுக்கு ஒரு வேளைக் கஞ்சியாவது கிடைக்கும்; பள்ளிக்கு வந்தால் அதுவும் கிடைக்காது. பெற்றோர் பிள்ளையை அனுப்பாததற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு இல்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் மக்களிடமே உதவி கேட்கும் வழியைக் கையிலெடுத்தார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கிவைக்கப்பட்டபோது, அதன் முதல் முதலீடு நன்கொடைதான். பிறகுதான் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை அரசும் 4 காசை ஊரும் ஏற்றுக்கொண்டன.

அந்த 4 காசு எப்போதும் காசாக வரவில்லை. பல ஊர்களில் காலையில் உலைக்கு அரிசி களையும்போதே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். அது சேர்ந்ததும் பள்ளிக்குப் போகும். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். தோட்டம் வைத்திருப்பவர் கத்தரிக்காயோ முருங்கைக்கீரையோ கொடுத்தார். இன்னொருவர் விறகு கொடுத்தார். தானம் என்று இதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் தன் வீட்டு அரிசி வேகும் பள்ளி ஒருவருக்கு அரசுக் கட்டடமாகத் தெரியாது, தன் பள்ளியாகத்தான் தெரியும்.

இந்த உணர்வே பள்ளிச் சீரமைப்பு இயக்கமாக வளர்ந்தது. முதல் மாநாடு 1958இல் திருவள்ளூர் அருகே கடம்பத்தூரில் கூடியது. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதிவைக்க, ஊரார் ஒவ்வொன்றாக ஏற்றார்கள்: கரும்பலகை, கடிகாரம், தண்ணீர்ப் பானை, சீருடை, கூரை, சில ஊர்களில் நிலமே கூட.

இதில் ஒரு கடுமையான குறையும் இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பிடி அரிசியும் பொய்த்தது. எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில் கொடுக்கக்கூடியவர்கள் குறைவு. 1961 முதல் ‘கேர்’ என்னும் தொண்டு நிறுவனம் பால்பொடியும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் தந்து ஓரளவு ஈடுகட்டியது. அந்த மாவில் கிளறிய மஞ்சள் உப்புமாவின் வாசனை அக்கால மாணவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் ஊரின் பங்கை எதிர்பார்த்து நிற்கவில்லை. செலவு முழுவதையும் அரசே ஏற்றது. இது சரியான முடிவு; ஒரு குழந்தையின் சோறு ஊரின் வசதியைப் பொறுத்து இருக்கக்கூடாது. 1984இல் திட்டம் 15 வயது வரை விரிந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. முட்டை 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, 2010இல் வாரத்துக்கு ஐந்தானது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

மற்ற நலப்பணிகளும் இந்தத் தட்டை ஒட்டியே நுழைந்தன. வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சத்துணவு முடிந்து கை கழுவிய கையோடு கொடுத்தால் பிள்ளைகள் விழுங்கிவிடுகிறார்கள். 2009இல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டத்தில் இலவசக் கண்ணாடியும், 2015 முதல் நாடு தழுவிய குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரையும் பள்ளிக்கு வந்தன.

2022 செப்டம்பர் 15 அன்று மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவைத் தொடங்கிவைத்தார். 1,545 பள்ளிகளில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் திருக்குவளை விழாவோடு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. இப்போது ஊர் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. பல இடங்களில் அடுப்பருகே நிற்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு, பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் உண்டு.

ஊர் கைகொடுத்ததைச் சொல்லும்போது ஊர் தடுத்ததையும் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்ப மறுத்த பெற்றோர் 2023இலும் இருந்தார்கள். கரூர் மாவட்டத்தில் அப்படி நடந்த ஒரு பள்ளிக்கு ஆட்சியர் நேரில் போய், அந்தப் பெண் சமைத்த உணவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.