அமைச்சர் நாற்காலியும் காவல்துறை மேசையும்: ஆன்னெ ஹோல்ட்டின் புனைவுக்கு ஊற்று எது?

நார்வேயின் குற்றப் புனைவு எழுத்தாளர் ஆன்னெ ஹோல்ட்டைப் பற்றிய அறிமுகங்களில் 'முன்னாள் நீதி அமைச்சர்' என்ற அடைமொழி தவறாமல் இடம்பெறுகிறது. நூல் விற்க அது உதவும், ஆய்வுக்கு இடைஞ்சல். சட்டத்திலிருந்து அரசியலுக்கும், அங்கிருந்து இலக்கியத்துக்கும் படியேறி வந்தவர் என்றொரு எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்பதில்லை. 1958இல் லார்விக்கில் பிறந்த ஹோல்ட், பெர்கன் பல்கலைக்கழகத்தில் 1986இல் சட்டப் பட்டம் பெற்றார். 1988 முதல் ஈராண்டு ஓஸ்லோ காவல்துறையில் சட்டப் பணியாற்றினார். 'குருட்டுத் தேவதை' எனப் பொருள்படும் முதல் நாவல் 1993இல் வெளிவந்தது. அடுத்த நாவல் 1994இல் நார்வேயின் குற்றப் புனைவுக்கான ரிவர்ட்டன் விருதைப் பெற்றது. பிரதமர் தூர்ப்யோன் யாக்லாந்தின் அமைச்சரவையில் அவர் சேர்ந்தது 1996 அக்டோபர் 25 அன்று. உடல்நலக் குறைவால் விலகியது 1997 பிப்ரவரி 4 அன்று. ஆக, விருது பெற்ற எழுத்தாளர்தான் அமைச்சரானார். அதுவும் நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமலே. நார்வே அரசமைப்பு அதற்கு இடம் தருகிறது.

அவருடைய புனைவை வடித்தது காவல்துறைச் சட்ட அலுவலரின் மேசைதான் என்பது என் வாதம். நார்வேயில் முதற்கட்ட அரசு வழக்கு நடத்தும் அதிகாரம் காவல்துறைக்குள்ளேயே இருக்கிறது. சட்டம் படித்த அலுவலர் புலனாய்வாளர்களின் பக்கத்து அறையில் அமர்ந்து, யாரைக் காவலில் வைக்கக் கோரலாம், சான்று நீதிமன்றத்தில் நிற்குமா என்று முடிவெடுக்கிறார். முதல் நாவலின் ஹோகன் சான் இந்தப் பணியில் இருப்பவர். கொலைச் சந்தேகத்தில் பிடிபட்டவன், வணிகச் சட்டம் மட்டுமே பார்க்கும் காரென் போர்க்தான் தனக்கு வழக்கறிஞராக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். போதைப்பொருள் வணிகத்தில் சட்டத்துறையினரே கைகோத்திருப்பது பின்னர் தெரியவருகிறது. கொலையாளி யார் என்பதோடு, உண்மையை அறிந்தவர் அதை வெளியிடச் சட்டம் விடுமா என்பதும் இங்கே கேள்வியாகிறது. ஹான்னெ வில்ஹெல்ம்சன் என்ற புலனாய்வாளர் அறிந்ததைச் சட்டத்தின் சொற்களுக்குள் கொண்டுவர சான் படும் பாட்டில்தான் கதை நகர்கிறது.

'சிங்கத்தின் வாய்' என்ற 1997ஆம் ஆண்டு நாவலைக் காட்டி என் வாதத்தை மறுக்கலாம். பெண் பிரதமர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டு இறக்கும் கதை அது. அதை இணைந்து எழுதிய பெரித் ரைஸ்-ஆண்டர்சனும் வழக்கறிஞர். நீதி அமைச்சகத்தில் அரசுச் செயலராக இருந்தவர். பிற்காலத்தில் நோபல் அமைதிப் பரிசுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். அதிகாரத் தாழ்வாரங்களின் நெடி அந்நாவலில் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அமைச்சகம் அதற்குக் களம் மட்டுமே தந்தது. வழக்கு அதே ஓஸ்லோ காவல்துறையினரிடம்தான் வந்து சேர்கிறது. அரசியல் இரகசியமும் அவர்கள் எடைபோட வேண்டிய சான்றாகவே மாறுகிறது. காவல்துறையில் கழிந்த ஈராண்டு ஒரு படைப்புலகை உருவாக்கப் போதுமா என்றும் கேட்கலாம். கால அளவுதான் உரைகல் என்றால், நூறு நாளைச் சற்றே தாண்டிய அமைச்சர் பதவி முதலில் தோற்கும்.

2007இல் வந்த '1222' நாவல் இன்னும் வலுவான சான்று. இரயில் தடம்புரண்டு, பனிப்புயலில் ஃபின்ஸே மலை ஓட்டலில் பயணிகள் சிக்கிக்கொள்கிறார்கள். ஹான்னெ இப்போது சக்கர நாற்காலியில், காவல்துறையிலும் இல்லை. பதவி முழுவதையும் பறித்த பின்பும் சான்றை எடைபோடும் பழக்கத்தை மட்டும் ஹோல்ட் அவரிடம் விட்டுவைத்திருக்கிறார். அந்தப் பழக்கம் அமைச்சரவையில் கற்றதன்று.