பம்ப் இல்லாத ரேடியேட்டர்

போன வாரம் சிக்னல்ல நிக்கும்போது நம்ம வண்டியில வெப்ப விளக்கு எரிஞ்சுது. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் கூலன்ட் மாத்தியிருந்தேன். "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இன்ஜினைப் பிரிக்கணும்"னார் மெக்கானிக். பகீர்னுது.

வயித்தெரிச்சலோட வீட்டுக்கு வந்து பழைய ஸ்காட் வண்டிகளைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தேன். (கவலை வந்தா எனக்கு இதுதான் மருந்து!) இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்ல ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908-ல் தயாரிக்க ஆரம்பிச்ச டூ ஸ்ட்ரோக் வண்டி அது. தண்ணியாலதான் குளிர்ச்சி, ஆனா பம்ப் கிடையாது. சூடான தண்ணி தானா மேலேறி ரேடியேட்டருக்குப் போகும். ஆறினது கீழிறங்கி இன்ஜினுக்குத் திரும்பும். அந்த வண்டிகள் 1912, 1913 இரண்டு வருஷமும் சீனியர் டிடி பந்தயத்தை ஜெயிச்சுது. 1971-ல் வந்த சுசுகி ஜிடி750-ல் பம்ப் இருந்தது. அதுக்கு பிரிட்டன்காரங்க வச்ச பேரு 'கெட்டில்', அமெரிக்காவுல 'தண்ணி எருமை'. நம்மூர்ல எருமைன்னு சொன்னா எவன் வாங்குவான்?

ஸ்காட் முறையில ஒரு சிக்கல். தண்ணி மட்டம் மேல்குழாய் வாய்க்குக் கீழே போயிட்டா சுழற்சி அறுந்துடும். இதைப் படிச்சப்பதான் பொறி தட்டுச்சு. என் வண்டியில பம்ப் இருந்தாலும், நடுவுல காத்து அடைச்சா அதே கதைதானே?

மறுநாள் காலையில, இன்ஜின் நல்லா ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டு (சூட்டோட திறந்துடாதீங்க மக்களே, மூஞ்சி வெந்துடும்) ஸ்டார்ட் பண்ணினேன். குமிழ் குமிழா காத்து வந்துச்சு, மட்டம் சர்ருனு இறங்குச்சு. குமிழ் நிக்காம வந்திருந்தா கேஸ்கெட்தான்னு பயந்துக்கிட்டே பார்த்தேன். நின்னுடுச்சு. ஒரு டம்ளர் கூலன்ட் ஊத்தி மூடினேன். அதுக்கப்புறம் விளக்கு எரியலை.