முறிந்த மரையின் வரலாறு

1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரைத் தாங்கியது பினாங்குத் தீவின் எதிர்க்கரை ஊர். இவ்வூர் வழியே வந்த இயந்திரங்கள் ஒரு நாட்டில் பிறந்தவை அல்ல. 1958ஆம் ஆண்டு இறுதியில் இங்குள்ள விமானத்தளத்திற்கு வந்த ஆஸ்திரேலியச் சேபர் போர்விமானத்தையே எடுத்துக்கொள்வோம். உடல் அமெரிக்கர் வரைந்தது, எஞ்சின் ஆங்கிலேயர் வகுத்தது, கட்டப்பட்டதோ மெல்போர்னில். பின்னாளில் சாலையெங்கும் ஜப்பானிய வண்டிகள் நிறைந்தன. இத்தகைய ஊரின் பட்டறையில் எஞ்சின் பிளாக்கினுள் ஒரு துண்டு முறிந்து நின்றால், அதன் காரணத்தைத் தேடி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்செல்ல வேண்டும்.

பட்டறையில் மரை என்பதைப் புரி என்றும் சொல்வதுண்டு. முறுக்கு என்னும் பொருள்தரும் பழஞ்சொல் அது. முப்புரி நூலிலும் அதுவே உள்ளது. இரும்பில் அம்முறுக்கைப் பிழையின்றிக் கடைந்தெடுக்கும் கடைசல் இயந்திரத்தை 1800ஆம் ஆண்டளவில் இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி செம்மை செய்தார். எனினும் பட்டறைக்கொரு மரை. ஓரிடத்து நட்டு மற்றோரிடத்து போல்ட்டில் ஏறாது. மாட்ஸ்லியிடம் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த், பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1841இல் பொது அளவொன்றை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையே செய்தற்கு எளிது என்றார். அரை அங்குல போல்ட்டில், அங்குலத்திற்கு விட்வொர்த்துக்கு 12 மரை, அமெரிக்கருக்கு 13. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றன் இயந்திரத்தை மற்றொன்று பழுதுபார்க்க நேர்ந்தபோதுதான் இந்த ஒரு மரையின் விலை விளங்கிற்று. 1948 நவம்பர் 18இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் பொது மரைக்கு உடன்பட்டன.

குழாய் மரையின் பிணக்கு அதனால் தீரவில்லை. எண்ணெய் அழுத்தமானி பொருந்தும் சிறு இணைப்பை நோக்குக. அரைக்கால் அங்குலக் குழாய்க்குப் பிரிட்டிஷ் அளவில் அங்குலத்திற்கு 28 மரை. அமெரிக்க அளவில் 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தவறானது ஓரிரு சுற்று இணங்கி ஏறும், பின் இறுகும். நுனி சிறுத்த வடிவமாதலால் முறுக்க முறுக்க ஆப்புப்போல் இறங்கும். இன்னும் சற்று வலிந்தால், பித்தளை இணைப்பின் தலை கையோடு வரும்; உடல் பிளாக்கினுள்ளே நிற்கும்.

அதை எடுப்பதில் பொறுமையே பாதிக் கருவி. ஊடுருவும் எண்ணெயிட்டுக் காத்திருப்பர். பின்னர், நாற்பட்டையாய் நுனி சிறுத்த எஃகுக் கோலையோ எதிர்ப்புரி கொண்ட கோலையோ இணைப்பின் துளையில் இறுக்கி, இடப்புறம் திருப்புவர். பித்தளைத் தூள் எண்ணெய் வழியில் விழுந்தால் பேரிங்குகள் பாழாகும். ஆதலின் துரப்பண முனையில் மசகு தடவித் தூளைப் பற்றுவது வழக்கம். ஆனால் அவசரக்காரன் கையில் அந்த எஃகுக் கோலே துளைக்குள் முறிவதும் உண்டு. அதன் கடினத்தைச் சாதாரணத் துரப்பணம் தின்னாது. சிறு இணைப்பிற்காக முழு பிளாக்கையும் இழக்கும் நிலை அப்போதுதான் வரும்.

இதற்கும் மாற்று, போர்க்காலத்திலேயே பிறந்தது. எஞ்சினின் மின்பொறித் தொடர்புமுனைகள் தேய்வதைத் தடுக்கும் வழி தேடினர் மாஸ்கோவின் போரிஸ் லாசரென்கோ, நதாலியா லாசரென்கோ தம்பதியர். தேய்வு நிற்கவில்லை, ஆனால் எண்ணெயில் மூழ்கியிருக்கையில் மின்பொறி உலோகத்தைச் சீராக அரிப்பதைக் கண்டனர். 1943இல் அந்த அரிப்பையே தொழிற்கருவியாக்கினர். கெடுத்ததையே கருவியாக்கிய அவர்தம் மதிநுட்பம் வியத்தற்குரியது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஸ்டார்க், ஹார்டிங், பீவர் என்னும் மூவர், அலுமினிய வால்வுகளுக்குள் முறிந்து சிக்கிய மரைவெட்டிகளையும் துரப்பண முனைகளையும் எடுக்கவே மின்பொறிக் கருவியொன்றைச் செய்தனர். மின்பொறிக்கு எஃகின் கடினம் ஒரு பொருட்டன்று. முறிந்த கோலின் நடுவை மட்டும் அது அரித்தெடுக்க, எஞ்சிய ஓரங்கள் தளர்ந்து உதிரும். பிளாக்கின் மரை அப்படியே நிற்கும்.