காற்றைத் தள்ளும் கூலி

வீடுகளில் வைக்கப்படும் காற்றுச் சுத்திகரிப்பான், அதாவது அறைக்காற்றை இழுத்து அதிலுள்ள நுண்துகள்களைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அறைக்குள்ளேயே விடும் கருவி, உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஒரே வேலைக்குச் செல்கிறது: அடர்ந்த நார்ப்பரப்பு ஒன்றின் ஊடாகக் காற்றைத் தள்ளுவது. தூசி அந்த நார்களில் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஓர் அறையின் காற்று முழுவதையும் மணிக்கு நான்கைந்து முறை அந்தப் பரப்பைக் கடக்கச் செய்ய விசிறி படும் பாடுதான் மின்மீட்டரில் யூனிட்டாக ஏறுகிறது. இக்கருவியின் வரலாற்றை, அந்தத் தள்ளுகூலியைத் தவிர்க்கவும், குறைக்கவும், சில வேளைகளில் வாங்குவோர் கண்ணில் படாமல் வேறு கணக்கில் எழுதிவிடவும் நடந்த முயற்சிகளின் வரலாறாகவே படிக்கலாம்.

கூலியைத் தவிர்க்கும் வழி முதலில் ஆலைகளில் தேடப்பட்டது. மின்னூட்டம் பெற்ற புகை விரைந்து படிந்துவிடுவதைக் கண்ட ஆங்கிலேய இயற்பியலறிஞர் ஆலிவர் லாட்ஜ், 1885இல் வேல்ஸ் நாட்டின் பாகில்ட் என்னும் ஊரிலிருந்த ஈய உருக்காலையில் இதைச் செய்துபார்க்க முனைந்தபோது, கண்ணாடித் தட்டுகளைச் சுழற்றி நிலைமின்னை உண்டாக்கும் அக்காலப் பொறியால் ஆலையின் புகைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1907இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஃபிரடெரிக் காட்ரெல், மின்மாற்றியையும் சுழலும் மின்திருத்தியையும் இணைத்து வலுவான உயரழுத்த நேர்மின்னோட்டத்தைப் பெற்று, கந்தக அமிலப் புகையில் அதே முறையை வெற்றிபெறச் செய்தார். மெல்லிய கம்பி ஒன்றில் உயரழுத்த மின்சாரத்தை ஏற்றினால் அருகில் செல்லும் துகள்கள் மின்னூட்டம் பெறும். எதிரே நிற்கும் உலோகத் தகடு அவற்றை ஈர்த்துக்கொள்ளும். நிலைமின் வீழ்படிவி என்று பெயர்பெற்ற இந்த அமைப்பில் காற்றின் பாதையை அடைக்கும் நாரோ துணியோ எதுவும் இல்லை என்பதால் விசிறிக்கு வேலை மிகக் குறைவு.

ஆனால் கம்பியைச் சுற்றி எழும் மின்னொளிர்வு, மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் ஓசோன் வாயுவையும் உண்டாக்கியது. ஆலைப் புகைபோக்கியில் பொருட்படுத்தப்படாத இந்தக் குறை, மனிதர் மூச்சுவிடும் அறையில் பெருங்குறையாகும். 1930களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் கேலார்ட் பென்னி, மின்னூட்டும் பகுதியையும் படியவைக்கும் பகுதியையும் தனித்தனியே பிரித்து, குறைந்த மின்னழுத்தத்தில் இயக்கி, ஓசோன் அளவைப் பெரிதும் குறைத்த பிறகே இம்முறை கட்டடங்களுக்குள் வர முடிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளில் வெப்பக்காற்றைக் குழாய்வழி அனுப்பும் உலையோடு இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டன. மின்செலவு சொற்பம், மாற்ற வேண்டிய வடிகட்டி கிடையாது, கரி பிடித்த தகடுகளை எடுத்துச் சோப்புநீரில் கழுவிக் காயவைத்தால் போதும். கழுவும் அந்த உழைப்பு எந்த மின்கட்டணச் சீட்டிலும் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே இந்தச் சிக்கனத்தை மதிப்பிட வேண்டும்.

இன்றைய கருவிகளின் மூதாதை வேறொரு கிளையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நச்சுவாயு முகமூடிகளுக்கென உருவாக்கப்பட்ட நார்த்தாள், அணுகுண்டுத் திட்டத்தின் ஆய்வுக்கூடங்களில் கதிரியக்கத் துகள்களைத் தடுக்கப் பயன்பட்டது. பெரிய துகள்கள் நேராகச் சென்று நாரில் மோதிவிடுகின்றன, மிகச் சிறியவை தறிகெட்டு அலைந்து எப்படியும் நாரைத் தொட்டுவிடுகின்றன, இடைப்பட்ட ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவிலான துகள்களே தப்பிச்செல்வதில் தேர்ந்தவை என்று இர்விங் லாங்மியூர் அக்காலத்தில் கணித்தார். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பதே பின்னாளில் ஹெப்பா வடிகட்டியின் இலக்கணமாயிற்று. ஹெப்பா என்பது, உயர்திறன் துகள் வடிகட்டி என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. முதற்காலத்துத் தாள்களில் கல்நார் கலந்திருந்தது; கண்ணாடியிழை அதன் இடத்தைப் பிடித்தது 1950களில்தான்.

இவ்வளவு நெருக்கமான தாளைக் கடக்கக் காற்று மறுக்கும். அந்த மறுப்பின் அளவு அழுத்த இழப்பு எனப்படும். அணு நிலையங்களில் வழக்கமான, இரண்டடிச் சதுரமும் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த ஆழமும் கொண்ட ஹெப்பா வடிகட்டி, நிமிடத்துக்கு 1,000 கன அடிக் காற்றைக் கடத்துகையில் ஓரங்குல நீர்மட்ட அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 250 பாஸ்கலை, விழுங்குகிறது. விசிறியின் சொந்த விரயத்தைச் சேர்க்காமலேயே இதற்கு 117 வாட் வேண்டும். வீட்டளவில் மணிக்கு 300 கன மீட்டர் காற்றை 100 பாஸ்கல் தடைக்கு எதிராகத் தள்ள உண்மையில் தேவைப்படுவது 8 வாட்டைச் சற்று மிஞ்சிய திறனே. ஆனால் விசிறியும் மோட்டாரும் சேர்ந்து வாங்கிய மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கையே காற்றுக்குக் கொடுக்குமானால், மீட்டரில் ஏறுவது 33 வாட்.

1963இல் ஜெர்மனியில் ஹாம்மெஸ் சகோதரர்கள் வீட்டு நிலக்கரி அடுப்புகளின் கரியைப் பிடிக்க எளிய நார்வடிகட்டிகளை விற்கத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உடையோருக்கென ஹெப்பா கருவிகள் வீட்டுக்குள் நுழைந்தன. தடையைக் குறைத்த உண்மையான முன்னேற்றம், பிளாஸ்டிக் நாரிலேயே நிலையான மின்னூட்டத்தைப் பொதிந்துவைக்கும் எலெக்ட்ரெட் என்னும் உத்தி. அத்தகைய நார் இடைவெளி விட்டு நின்றாலும் துகளை இழுத்துக்கொள்ளும். காற்று எளிதாகச் செல்லும். 1996இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட புளூஏர் நிறுவனம், துகளுக்கு முன்கூட்டியே மின்னூட்டமளித்துத் தளர்வான வடிகட்டியில் பிடிக்கும் வழியைக் கைக்கொண்டது. காட்ரெல் வழியும் முகமூடித்தாள் வழியும் அங்கே ஒரே பெட்டிக்குள் சந்தித்தன எனலாம்.

எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு தூய காற்று என்று கேட்பதற்கு முதலில் தூய காற்றை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். 1980களில் அமெரிக்க வீட்டுக்கருவித் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த தூய காற்று வழங்கு வீதம், சுருக்கமாக சி.ஏ.டி.ஆர்., அந்த இடத்தை நிரப்பியது. மூடிய அறையில் புகையையோ தூசியையோ மகரந்தத்தையோ பரப்பி, கருவி ஓடும்போது அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கண்டு, நிமிடத்துக்கு இத்தனை கன அடித் தூய காற்றுக்குச் சமம் என்று கூறும் கணக்கு இது. வடிகட்டி எவ்வளவு நுண்மையானதாயினும் காற்று அதனூடே போகாவிட்டால் பயனில்லை என்பதை இந்த எண் மறைக்க விடுவதில்லை. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் நிறுவனம் விற்ற, விசிறியே இல்லாததால் ஓசையின்றி மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடிய ‘அயானிக் பிரீஸ்’ என்னும் கருவி காற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் தூய்மையாக்கவில்லை என்று நுகர்வோர் இதழ் ஒன்று எழுதியது. அந்த இதழின் மீது 2003இல் நிறுவனம் தொடுத்த வழக்கை 2004இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2008இல் நிறுவனமே திவாலாயிற்று. மின்சாரமே வேண்டாத தொட்டிச்செடிகளின் கதையும் இதற்கு நெருங்கியதே. 1989ஆம் ஆண்டு நாசா ஆய்வின் பெயரால் அவை பெற்ற புகழ், ஜன்னல்வழிக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளிவந்த மறுஆய்வோடு வாடிப்போனது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எனர்ஜி ஸ்டார் முத்திரை 2004இல் அறைச் சுத்திகரிப்பான்களுக்கும் விரிந்தபோது, வாட் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 2 கன அடித் தூய காற்று என்பது தகுதி எல்லையாக வைக்கப்பட்டது. இடைவிடாது ஓடும் சாதாரணக் கருவி ஆண்டுக்கு ஏறத்தாழ 550 யூனிட் உண்ணும், புதிய குளிர்சாதனப் பெட்டிகள் சிலவற்றைவிட இது அதிகம் என்று அம்முகமை சுட்டிக்காட்டியது. சராசரியாகப் பிரித்தால் 63 வாட். அக்காலக் கருவிகளில் இருந்த சிறிய தூண்டல் மோட்டார்கள் வாங்கிய மின்சாரத்தின் பெரும்பங்கை வெப்பமாகவே வெளியேற்றின; தூரிகையில்லா நேர்மின் மோட்டார், கடைத்தெருவில் பி.எல்.டி.சி. எனப்படுவது, அந்த விரயத்தைப் பெருமளவு ஒழித்தது.

மோட்டாரைவிடப் பெரிய சிக்கனம் விசிறியின் இயல்பிலேயே இருக்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். அதற்கு வேண்டிய திறனோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். மின்சுற்றின் சொந்தச் செலவு காரணமாக நடைமுறையில் இந்த ஆதாயம் சற்றுக் குறையுமே தவிர, இரண்டு கருவிகளை அரைவேகத்தில் ஓட்டுவது ஒன்றை முழுவேகத்தில் ஓட்டுவதைவிட மிக மலிவு. விற்பனை அட்டைகளில் தூய காற்றின் அளவை உச்ச வேகத்துக்கும், வாட்டையும் ஓசையையும் மிகக் குறைந்த வேகத்துக்கும் அச்சிடும் வழக்கத்துக்கும் இதே விதிதான் இடங்கொடுத்தது. ஒரே வேகத்தில் கிடைக்காத இரு நன்மைகளை ஒரே பெட்டியின் மேல் எழுதும் சாமர்த்தியம் அது.

2013 ஜனவரி 12 அன்று பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கருவி, 500இல் முடியும் காற்று மாசுக் குறியீட்டில் 755 என்று காட்டிய பின், இந்த வணிகத்தின் மையம் ஆசியாவுக்கு மாறியது. ஆயிரக்கணக்கான யுவானுக்கு விற்ற இறக்குமதிக் கருவிகளின் நடுவே 2014 டிசம்பரில் ஷாவ்மி நிறுவனம் 899 யுவானுக்குத் தன் கருவியை இறக்கியது. சீனத் தரநிர்ணயத்தின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, வாட் ஒன்றுக்கு மணிக்கு 5 கன மீட்டர் தூய காற்று தருவதை உயர்திறன் என்று வகுத்தது. 2020இல் எனர்ஜி ஸ்டார் பெரிய கருவிகளுக்கு உயர்த்திய எல்லையான 2.9 கன அடியை மெட்ரிக்கில் மாற்றினால் வருவதும் ஏறத்தாழ அதே 5.

கருவி மலிவானபோது செலவு வடிகட்டிக்குக் குடிபெயர்ந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது. மாசு மிகுந்த நகரங்களில் ஆறுமாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வாங்கும் வடிகட்டியின் விலை, அதே காலத்துக்கான மின்கட்டணத்துக்கு நிகராகவோ மேலாகவோ நிற்கிறது. அடைத்துக்கொண்ட வடிகட்டியால் மின்கட்டணம் எகிறும் என்ற பரவலான எண்ணமும் பெரும்பாலும் தவறு. இக்கருவிகளில் உள்ள மையவிலக்கு விசிறி, பாதை அடைபடும்போது குறைந்த காற்றையே தள்ளுவதால் மின்சாரத்தையும் சற்றுக் குறைவாகவே இழுக்கும்; கெடுவது, செலுத்திய ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் தூய காற்று. எலெக்ட்ரெட் நாரோ புகைபட்டு மின்னூட்டம் இழந்தால், அடைப்பின் அறிகுறி எதையும் காட்டாமலேயே திறன் குன்றும்.

2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சியும் ஜிம் ரோசென்தாலும் பரப்பிய பெட்டி, பழைய கணக்கைத் தலைகீழாக்கியது. நான்கைந்து சாதாரண உலை வடிகட்டிகளை நாடாவால் ஒட்டிக் கனசதுரமாக்கி மேலே ஒரு பெட்டி விசிறியைக் கவிழ்த்துவைப்பதே முழுச் செய்முறை. ஏறத்தாழ 75 டாலர் செலவில் நிமிடத்துக்கு 600 முதல் 850 கன அடித் தூய காற்று கிடைத்ததாக டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 2022இல் கண்டது. நூதனம் ஏதுமில்லை, பரப்பு பெரிதானால் காற்று மெல்ல நடக்கும், மெல்ல நடந்தால் தடை குறையும். அறையின் மூலையை அடைத்துக்கொள்ளும் அந்த உருவத்தை விற்கத் துணியாததே சுத்திகரிப்பான் நிறுவனங்கள் இந்த எளிய இயற்பியலை மறந்திருந்ததற்குக் காரணம் எனலாம்.

தில்லியில் இக்கருவி முதலில் தூதரகங்களின் பொருளாக அறியப்பட்டது; ஒபாமாவின் 2015 ஜனவரி வருகைக்கு முன் அமெரிக்கத் தூதரகம் 1,800க்கு மேற்பட்ட சுவீடன் கருவிகளை வாங்கியதாகச் செய்திகள் வந்தன. நடுத்தர வீடுகளுக்கு அது வந்தபோது மின்கட்டணம் விசித்திரமான நிலையில் இருந்தது. 2019 ஆகஸ்ட் முதல் மாதம் 200 யூனிட் வரை அங்கு கட்டணம் இல்லை. அதைத் தாண்டி 400 வரை போனால் பாதி மட்டுமே மானியம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நாள் முழுதும் ஓடும் 40 வாட் கருவி மாதம் 29 யூனிட் உண்ணும். புகை கவியும் நவம்பர் முதல் ஜனவரி வரை விசிறியும் ஏ.சி.யும் ஓய்வெடுப்பதால் பல வீடுகளில் இந்த யூனிட்டுகள் இலவச எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் கீசரும் ஹீட்டரும் ஏற்கெனவே 180ஐத் தொட்டுவிட்ட வீட்டில், அதே 29 யூனிட் இலவசத்தைப் பறித்து, மாதம் முழுவதற்குமான பாதிக் கட்டணத்தை எழுப்பிவிடுகிறது.

தயாரிப்பாளர்களும் சூழலியல் அமைப்புகளும் சேர்ந்து முன்வைத்த உடன்பாட்டின்பேரில் அமெரிக்க எரிசக்தித் துறை 2023இல் கட்டாயத் திறன் விதியை வெளியிட்டது. ஆண்டு மின்செலவைக் கணிக்க அவ்விதி கொள்ளும் அனுமானம், நாளுக்கு 16 மணி நேரம் ஓட்டமும் 8 மணி நேரம் காத்திருப்பும். தில்லியின் நாட்காட்டி வேறு. மூன்று மாதம் இரவுபகலாக ஓடிய பெட்டி, பல வீடுகளில் பிளக்கைப் பிடுங்காமலேயே துணிபோர்த்தி மூலையில் நிறுத்தப்படுகிறது. காத்திருப்பில் 2 வாட் இழுக்குமானால், மீதி ஒன்பது மாதங்களில் அது ஒருமுறையும் காற்றைத் தள்ளாமல் 13 யூனிட் உண்டு முடிக்கும்.