சென்னையிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு மனு



டிவி விவாதங்களில் 'லாபி' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். சர்க்கரை ஆலை லாபி, மருந்துக் கம்பெனி லாபி என்பார்கள். கேட்டவுடன் ஏதோ திரைமறைவு வேலை என்று தோன்றும். சில சமயம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அடிப்படையில் அது ஒரு சாதாரண விஷயம். ஒரே தேவை உள்ள சிலர் ஒன்றுசேர்ந்து, அதைச் செய்து கொடுக்கும்படி அரசாங்கத்தை நெருக்குகிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் வங்கி ஊழியர் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கட்டியதும் அதற்காகத்தான். நாம் இங்கே அசோசியேஷன் வைத்திருப்பதும் ஓரளவு அதற்காகத்தான்.

இது நம் ஊர்ப்பக்கத்துக்கு எப்போது வந்தது என்று பார்த்தால், 170 வருடங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ல்தான். அப்போது பெரம்பலூர், அரியலூர் இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தன.

கம்பெனிக்குப் பெரிய வருமானம் நிலவரி. ரயத்துவாரி முறையில் குடியானவர் ஒவ்வொருவரும் தன் நிலத்துக்கான வரியை நேரடியாகச் சர்க்காருக்குப் பணமாகக் கட்ட வேண்டும். மழை பொய்த்தாலும், விளைந்தது விலை போகாவிட்டாலும் வரி பாக்கி பாக்கிதான். அதை வசூலிக்கும் தாசில்தார் கையிலேயே 1816 முதல் போலீஸ் அதிகாரமும் இருந்தது. கடன் வசூலுக்கு வருகிறவரே போலீஸ் அதிகாரியாகவும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாக்கி வைத்தவரைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். 'கிட்டி' என்ற மரக்கருவியில் விரல்களை வைத்து நெரித்தார்கள். புகார் கொடுப்பதென்றால் அதே தாசில்தாரிடம்தான் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் சங்கம் வைத்துப் பேசத் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். சென்னையில் ஐரோப்பிய வியாபாரிகள் 1836லேயே வர்த்தகச் சபை தொடங்கிவிட்டார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒன்று வந்தது 1852ல். கசுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் முன்நின்று அமைத்த சென்னை சுதேசி சங்கம் அது. ஆங்கிலத்தில் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்' என்று பெயர். இவர் அதற்கு முன்பே 'கிரசெண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தி வந்தார்.

சங்கம் தொடங்கிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் சாசனத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இருபது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அடுத்த தவணை 1853. 'இந்த நிர்வாகத்தைத் தொடர விடலாமா' என்று லண்டனே கேட்டுக்கொள்ளும் நேரம் அது. அதற்கு முன் 1852 கடைசியில் சங்கத்தின் மனு நாடாளுமன்றத்துக்குப் போனது.

மனுவில் என்ன இருந்தது? வணிகர்களைப் பாதித்த விஷயங்கள் இருந்தன. கடைக்காரர், நெசவாளர், தச்சர் என்று தொழில் செய்பவர்கள் மீது விதித்த 'மொத்தர்பா' என்ற வரியை எதிர்த்தார்கள். கோர்ட் செலவு, தாமதம், கல்வி, உத்தியோகங்களில் இந்தியருக்கு இடமில்லாதது எல்லாம் இருந்தன. இவற்றோடு, சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, சந்தா கட்ட வழியில்லாத குடியானவரின் நிலவரிச் சுமையையும் சித்திரவதையையும் எழுதினார்கள்.

மனு போனதோடு வேலை முடியவில்லை. 1853ல் லண்டனில் இந்தியச் சீர்திருத்தக் கழகம் தொடங்கியது. அதன் தலைவர் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த வருடமே சென்னைக்கு வந்தார். செட்டியார் அவருக்கு உடனிருந்து உதவினார். ஊர் திரும்பிய சீமோர், தான் விசாரித்து அறிந்ததை 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் பேசினார். அப்படியெல்லாம் நடப்பதில்லை என்று மறுத்தவர்களும் சபையில் இருந்தார்கள். ஆனால் பேச்சு அவைக்குறிப்பில் ஏறியபிறகு சும்மா இருக்க முடியாது. சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லண்டனில் உதவியவர்களுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. அந்தக் கழகத்தோடு நின்ற ஜான் பிரைட், மான்செஸ்டர் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். அவ்வூர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும். அமெரிக்காவை மட்டும் நம்பியிராமல் இந்தியப் பருத்தியும் வரவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். வரிச்சுமையில் நசுங்கிய குடியானவர் பருத்தியைப் பெருக்க மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் கரிசல் மண்ணில் இன்றும் பருத்தி விளைவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். உதவ வருகிறவருக்கு என்ன லாபம் என்று தெரிந்துகொள்வது நல்லது. லாபம் இருக்கிறது என்பதற்காக உதவியைத் தள்ள வேண்டியதில்லை.

கமிஷனுக்கு 1,900க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. நூற்றுக்கணக்கானோர் நேரிலேயே போய்ச் சொன்னார்கள். ரயில் இல்லாத காலம் அது. 1855 ஏப்ரலில் வந்த அறிக்கை, வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 1857ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துக் காட்டி எழுதினார். போலீஸ் தனித் துறையாக வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1859ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. இன்று தாலுகா அலுவலகமும் போலீஸ் ஸ்டேஷனும் வேறு வேறு என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். அறிக்கை பழியைக் கீழ்நிலை இந்திய ஊழியர்கள் மீது போட்டு, மேலிருந்து வசூலுக்கு நெருக்கிய வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றியது. நிலவரி உடனே குறைந்துவிடவும் இல்லை. பொது வேலைக்காகச் சொத்தைச் செலவழித்த செட்டியார், பின்னாளில் சட்டமன்றக் கவுன்சில் உறுப்பினராக நியமிக்கப்பட்டும், 1868ல் வறுமையில்தான் இறந்தார். ஆனால் அவர் போட்ட பாதையில் 1884ல் சென்னை மகாஜன சபையும், மறுவருடம் காங்கிரசும் வந்தன.

காமர்ஸ் படித்தவன் என்பதால் வரவு செலவு போட்டுப் பார்க்கிறேன். எந்தக் கூட்டத்துக்கும் தன் நலன் கேட்க உரிமை உண்டு. சிறிய கூட்டம், பெரிய லாபம் என்றால் கேட்பதும் சுலபம். ஆலை முதலாளிகள் பத்துப் பேர் ஒரே அறையில் கூடிவிடலாம். பத்தாயிரம் குடியானவர்களால் முடியாது. அதனால்தான் கூடத் தெரிந்தவர்கள் கூட முடியாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 1852 மனுவில் மொத்தர்பா வரி மட்டும் இருந்திருந்தால் அது வியாபாரிகளின் விண்ணப்பமாகக் கட்டில் கிடந்திருக்கும். குடியானவரின் கிட்டி அதில் இருந்ததால்தான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கப்பலேறி வந்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மழைநீர் வடிகால் கேட்டு நம் கமிட்டி தயாரித்திருக்கும் மனு அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. நம் காம்பவுண்டுச் சுவரிலிருந்து மெயின் ரோடு வரை வடிகால் வேண்டும் என்று அதில் இருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் நமக்குப் பின்னால் உள்ள தெரு நம்மைவிடத் தாழ்வு. நம் தண்ணீரும் சேர்ந்துதான் அங்கே தேங்குகிறது. நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் பலர் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை, லெட்டர்பேடு இல்லை.

மனுவில் அந்தத் தெருவையும் சேர்க்க வேண்டும், அங்குள்ளவர்களிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும் என்று பொதுக்குழுவில் முன்மொழியப் போகிறேன். திட்டச் செலவு கூடும், அதனால் நம் வேலையும் தாமதமாகும் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் பேச வேண்டிய விஷயம்தான். எதுவானாலும் அவசியம் வாருங்கள். கோரம் இல்லாமல் கூட்டத்தைத் தள்ளி வைக்கும்படி ஆகிவிடக் கூடாது.